நுரையீரல் கட்டி திரும்ப வருமா? மரபணு சொல்லும் ஆரூடத்தை எவ்வளவு நம்பலாம்?

"கட்டியை முழுசா எடுத்தாச்சு. ஆனா திரும்ப வராதுன்னு இப்பவே சொல்ல முடியாது." நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் பதில் இது. முதல் நிலையிலேயே கண்டுபிடித்து வெட்டி எடுத்தாலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. யாருக்கு என்று தெரிந்தால் அவருக்கு மட்டும் கீமோ கொடுக்கலாம். மற்றவர்களை அந்த அவஸ்தையிலிருந்து விட்டுவிடலாம். சிஸ்பிளாட்டின் கீமோ பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து, 4,584 பேரின் விவரங்களை அலசி 2008-ல் ஒரு கணக்கு வெளியானது. அறுவைக்குப் பின் கீமோ எடுத்ததால் ஐந்தாண்டு முடிவில் கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு சுமார் 5 பேர்தான்.

அந்த 5 பேரை எப்படி அடையாளம் காண்பது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆலையில் எல்லா மாடலுக்கும் டிராயிங் இருக்கும். ஆனால் இன்றைய ஷிப்டில் எந்தப் பாகம் எத்தனை ஓடுகிறது என்று அறிய, லைனுக்கு வந்த ஆர்டர் சீட்டைத்தான் பார்க்கணும். செல்லில் டி.என்.ஏ. என்பது டிராயிங்; ஆர்.என்.ஏ. என்பது ஆர்டர் சீட்டு. எந்த மரபணுவுக்கு எத்தனை சீட்டு போகிறது என்பதே 'மரபணு வெளிப்பாடு'. செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் ஓவர்டைம் பார்க்கும் கட்டி, பொதுவாக ஆபத்தான கட்டி.

யோசனை நல்லதுதான். ஆனால் வந்த வழி கரடுமுரடானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி குழு 2006-ல் இப்படியொரு கணிப்பு முறையை வெளியிட்டபோது பெரிய பரபரப்பு. அதே குழுவின் மற்ற கட்டுரைகளைத் தோண்டிய புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் பிழை மேல் பிழை கண்டார்கள். ஓரிடத்தில் அட்டவணையே ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. நுரையீரல் கட்டுரை 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜோதி சுப்ரமணியனும் ரிச்சர்ட் சைமனும் இத்தகைய 16 ஆய்வுகளை அலசி, எதுவும் நோயாளியிடம் பயன்படுத்தத் தயாரில்லை என்றார்கள்.

மோசடியே இல்லாவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கட்டியின் ஒரு மூலையில் ஊசி குத்தி எடுத்தால் 'ஆபத்து குறைவு', இன்னொரு மூலையில் எடுத்தால் 'ஆபத்து அதிகம்' என்று வரலாம். லண்டனின் 'டிரேசர்எக்ஸ்' ஆய்வுக் குழு இதைத்தான் கையில் எடுத்தது. கட்டிக்குள் எங்கே எடுத்தாலும் ஒரே அளவில் ஓடும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களாகப் பார்த்து 23-ஐப் பொறுக்கியது. 'ஆரக்கிள்' என்ற இந்த முறை 2019-ல் வந்தது. பிறகு, 184 நோயாளிகளின் 450 கட்டிப் பகுதிகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் நிலை நோயாளிகளிடமும் இதன் கணிப்பு நின்றது. ஆனாலும் இது அடினோகார்சினோமா வகைக்கு மட்டும்தான். இந்த மதிப்பெண்ணைப் பார்த்துக் கீமோ கொடுத்தால் ஆயுள் கூடும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். வெல்டிங் புகையும் டீசல் புகையும் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது. டீசலை 2012-லும் வெல்டிங்கை 2017-லும். லாரி ஓயாத இந்தத் தடத்தில் இரண்டும் அன்றாடம். ஆனால் இங்கே பலர் காசநோய் மாத்திரை சாப்பிட்டு, இருமல் நிற்காமல், கடைசியில்தான் புற்றுநோய் என்று அறிகிறார்கள். அந்தக் கட்டத்தில் 'திரும்ப வருமா' என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. பரிசோதனைகள்தான் அப்போது முக்கியம். இவை ஆராய்ச்சி இல்லை, நடைமுறையில் இருப்பவை. டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. பயாப்ஸி சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், 'பிளாக்' என்பார்கள். கான்ட்ராக்ட் முடிந்து ஊர் மாறினாலும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறுக்கோ போனாலும், ரிப்போர்ட்டோடு அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அது இருந்தால், பெரும்பாலும் திரும்ப ஊசி குத்தாமலே அடுத்த பரிசோதனையைச் செய்துவிடலாம்.