இதய அறுவை மருத்துவரைச் சந்திக்கும் முன்…

எங்கள் பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவின் மருத்துவர், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். பிறகு மாவட்ட மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளை இருப்பது தெரிந்தது. இதய, நெஞ்சக அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து அவள் வீட்டுக்குச் சென்றபோது, அந்தச் சீட்டு ரேஷன் அட்டை உறைக்குள் மடித்தபடியே இருந்தது.

"அங்க போனா நெஞ்ச அறுத்துடுவாங்களாம் டீச்சர். புள்ள நல்லாத்தான விளையாடுது?" என்றார் அப்பா.

அவரது அச்சம் இயல்பானது. ஆனால், சில குறைபாடுகளில் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி, பின்னாளில் துளையை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். அந்தச் சீட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கவைப்பதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

இந்த மருத்துவர் யார்?

இதயநோய் மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்துகளாலும், இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாயாலும் சிகிச்சை தருபவர். இதய, நெஞ்சக அறுவை மருத்துவர் இதயத்தோடு நுரையீரல், உணவுக்குழாய், நெஞ்சுக்கூடு ஆகியவற்றிலும் அறுவை செய்பவர். பெரும்பாலும் இருவரும் கலந்து பேசியே முடிவெடுப்பார்கள். எனவே, அறுவை மருத்துவரைப் பார்ப்பது என்றால் உடனே அறுவை என்று பொருளல்ல. சிறிய துளைகள் சில தாமாகவே மூடிக்கொள்ளும். அவற்றைக் கண்காணித்தால் போதும். சிலவற்றைத் தொடை இரத்தக்குழாய் வழியே சிறு கருவியைச் செலுத்தி அடைத்துவிடலாம். மற்றவற்றுக்கே அறுவை.

இதயத்தை நிறுத்தி எப்படி அறுவை செய்வார்கள் என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்த நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் செய்யும். 1953இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் இவ்வியந்திரத்தின் துணையோடு முதன்முதலில் வெற்றிகரமாக அறுவை செய்தார். சிகிச்சை பெற்றவர் 18 வயதுப் பெண். அவருக்கும் இருந்தது மேலறைச் சுவர்த் துளைதான்.

கொண்டுசெல்ல வேண்டியவை

எக்கோ, இ.சி.ஜி., எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லட்டும். தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவையும் வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

அண்மையில் வந்த காய்ச்சல், சளி, மருந்து ஒவ்வாமை, வலிப்பு, நாட்டு மருந்து எடுத்துக்கொண்டது என எதையும் விடக்கூடாது. சொத்தைப் பல் இருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். பல்லிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்ளுறையைப் பாதிக்கக்கூடும் என்பதால், முதலில் பல்லைச் சரிசெய்து வரச் சொல்வார்கள்.

கேட்க வேண்டியவை

மருத்துவர் முன் அமர்ந்ததும் பலருக்கும் கேள்வி மறந்துபோகும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்:

1. குழந்தைக்கு இருக்கும் குறைபாட்டின் பெயர் என்ன?
2. அறுவை கட்டாயமா? வேறு வழி உண்டா?
3. இப்போதே செய்ய வேண்டுமா? தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?
4. இதில் உள்ள ஆபத்துகள் என்ன?
5. எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்? இரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டுமா?
6. எப்போது பள்ளிக்குப் போகலாம், எப்போது விளையாடலாம்?

புரியாவிட்டால் படம் வரைந்து விளக்கக் கேட்கலாம். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் தவறில்லை.

செலவு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு உடனே விண்ணப்பிக்க உதவுங்கள். ஐயங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம். குழந்தை மயங்கி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலமானாலோ, மூச்சுவிடத் திணறினாலோ மருத்துவரைச் சந்திக்கும் தேதிவரை காத்திருக்கக்கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

வகுப்புக்குத் திரும்பும்போது

நடுநெஞ்சைத் திறந்து அறுவை செய்திருந்தால் மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கனமான புத்தகப்பை, சைக்கிள், தள்ளுமுள்ளு விளையாட்டு வேண்டாம். பிறகு மருத்துவர் அனுமதித்த விளையாட்டுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். "பாவம், இதய நோயாளி" என்று ஓரமாக உட்காரவைக்காதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதான குழந்தைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருப்பார்கள். அந்த நாளை வகுப்பு நாட்காட்டியில் குறித்துவைத்து நினைவூட்டுவது நம்மால் முடிந்த பெரிய உதவி.

அந்த அப்பாவோடு நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். அன்று அறுவை நடக்கவில்லை, பேச்சுதான் நடந்தது. மருத்துவர் தாளில் இதயத்தை வரைந்து துளை இருக்கும் இடத்தைக் காட்டினார். அது கருவியால் அடைக்க முடியாத இடம். சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொண்டு முழுஆண்டு விடுமுறையில் வரச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா அந்தத் தாளை நான்காக மடித்து, ரேஷன் அட்டை உறைக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. காலை வணக்கக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறாள்.