சவுக்குக்குச் சுற்றளவு மட்டும் பார்த்தால் போதுமா?

தொழிற்பேட்டை வேலைக்கு ஆட்கள் போய்விட, களை பறிக்கக்கூட ஆள் கிடைக்காத கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்களுக்குக் கைகொடுக்கிறது சவுக்குதான். விறகு, முட்டுக்கம்பு, காகித ஆலைக்கான கூழ்மரம்னு மூணு வழியிலும் விலை போகும். வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், யூரியா மூட்டைக்கும் அலைய வேண்டாம்.

ஆனா விதைக்கு மரம் தேடும்போது நாம என்ன பார்க்கிறோம்? உயரம், நேர்த்தி, சுற்றளவு. கட்டையின் அடர்த்தியைப் பார்ப்பதில்லை. ஒரே பருமனுள்ள இரண்டு மரங்களில் ஒன்று கெட்டியாகவும் மற்றது லேசாகவும் இருக்கலாம். விறகு நின்று எரிவதும் கம்பு பாரம் தாங்குவதும் அடர்த்தியைப் பொறுத்தது. பருமனைத் தண்ணீரும் இடைவெளியும் மாற்றிவிடும். அடர்த்தியோ பெரும்பாலும் தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் இறங்கும் குணம்.

வெட்டினால்தான் அடர்த்தி தெரியும். வெட்டிவிட்டால் தாய் மரம் இல்லை. மர இன மேம்பாட்டுக்காரர்கள் இதற்கு மறைமுக அளவுகளை வைத்திருக்கிறார்கள். பைலோடின் என்ற கருவி, 2.5 மி.மீ. ஊசியை ஒரே அளவு விசையில் மரத்துக்குள் அடிக்கும். ஊசி ஆழமாகப் போனால் கட்டை லேசு. மின்கம்ப மரங்கள் உளுத்திருக்கா என்று பார்க்க வந்த கருவி இது. இன்னொரு முறையில், மரத்தில் தட்டி ஒலி கடக்கும் வேகத்தை அளப்பார்கள். விறைப்பான கட்டையில் ஒலி வேகமாக ஓடும். மரம் சாகாது, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீக்கிரம் தரம் பிரிக்கலாம். சி.எச்.1, சி.எச்.5 கலப்பினச் சவுக்குகளை வெளியிட்ட கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற இடங்களுக்கு இது சரி. நமக்கு அந்தக் கருவி கட்டுப்படியாகாது. வேறு வழி இருக்கு.

அறுவடைக்கு முன், ஒரே வயது, ஒரே மண், ஒரே இடைவெளியில் உள்ள 20 நல்ல மரங்களுக்கு எண் போடுங்க. வரப்போர மரம் வேண்டாம். அதுக்கு வெயிலும் இடமும் கூடுதல். காய் பழுப்பாகும்போது பறித்து, மரத்துக்கு ஒரு துணிப்பையில் காயவைங்க. விதை உதிரும், எறும்பு தூக்கிப் போகாம பாத்துக்கணும்.

மரம் வெட்டியதும் மார்பளவு உயரத்தில் ஒரு வில்லை அறுத்து, பட்டையை நீக்குங்க. தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைச் சுழியமாக்கி, வில்லையை ஊசியால் குத்தி, அடியில் படாமல் முழுக்க முக்குங்க. தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டர் கணக்கில் அதன் கன அளவு. பிறகு எல்லா வில்லைகளையும் ஒன்றாக, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, காய்ந்த எடையைக் கன அளவால் வகுங்க. 200 கன செ.மீ. வில்லை 120 கிராம் நின்றால் 0.60, 110 கிராம் நின்றால் 0.55. வெயிலில் காய்ந்ததில் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஆனா எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் தரம் பிரிக்க இது போதும்.

பருமனும் அடர்த்தியும் சேர்ந்து தேறிய ஏழெட்டு மரங்களின் விதையைக் கலந்து நாற்றுவிடுங்க. ஒரே மரத்து விதையை மட்டும் நம்பினால் உறவுக்குள் கலந்து வீரியம் குறையும். கலப்பினக் கன்றின் விதை தாயைப் போல வராது, அதை இதில் சேர்க்காதீங்க.

பச்சை மரத்தை எடை போட்டு விற்பவருக்கு, தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. அடர்த்தியின் பலன் முழுசாத் தெரியாது. காய்ந்த விறகும் கம்பும் விற்பவருக்கு வித்தியாசம் கையில் தெரியும். வர்ற அறுவடையிலேயே எண் போட்டுப் பாருங்க.