சமையலறை: முதலில் முழங்கையை அளந்துகொள்ளுங்கள்

வீடு கட்டும்போது சமையலறைச் சுவருக்கு எந்த நிற டைல்ஸ், அலமாரிக் கதவு பளபளப்பாக வேண்டுமா மங்கலாக வேண்டுமா என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். மேடையை எவ்வளவு உயரத்தில் போடட்டும் என்று கொத்தனார் கேட்டால் மட்டும், "எல்லா வீட்லயும் போடுற மாதிரி போட்டுடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அடுத்த இருபது முப்பது வருடங்களுக்கு அந்தப் பதிலைச் சுமக்கப்போவது ஒருவருடைய இடுப்பும் தோளும். தினமும் மணிக்கணக்கில் நின்று வேலை பார்க்கிற இடம் அது. அங்கே நிற்பவரின் உடம்பிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும்.

வீட்டில் அதிகம் சமைப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடையின் உயரம் கிடைக்கும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும்; அவருக்கு 32 முதல் 34 அங்குல மேடை சரி. ஐந்தடி எட்டு அங்குலம் உள்ளவருக்கு 37 அங்குலத்துக்குக் குறைந்தால் குனிய வேண்டியிருக்கும். இருவரும் மாறி மாறிச் சமைக்கிற வீடு என்றால், நறுக்குகிற வேலை யாருக்கு அதிகமோ அவருடைய அளவையே வையுங்கள்.

இது நறுக்கும் இடத்துக்கான கணக்கு. அடுப்புக்கு இது பொருந்தாது. மேடைமேல் ஸ்டவ் வைத்தால் நாலைந்து அங்குலம் ஏறிவிடும். அதன்மேல் குக்கரோ குழம்புச் சட்டியோ உட்காரும். தோசை வார்ப்பவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கல் உயரத்தில் இருந்தால், மாவை வட்டமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கை விலாவை விட்டு விலகி மேலே போகும், தோள் காதை நோக்கி ஏறும். ஐந்து பேருக்கு வார்த்து முடிப்பதற்குள் கழுத்து இறுகிவிடும். அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் தாழ்த்திவிட்டால் இந்த வலி பெரும்பாலும் வராது. சிங்க் இதற்கு நேர்மாறு. அங்கே கை வேலை செய்வது மேடை மட்டத்தில் அல்ல, தொட்டியின் அடியில். ஒன்பது அங்குல ஆழத் தொட்டியை 33 அங்குல மேடையில் பதித்தால், கை 24 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். அதனால் சிங்க் பகுதியை இரண்டு அங்குலமாவது உயர்த்துங்கள். ஒரே நீளக் கல்லைப் போட்டு முடிப்பது மேஸ்திரிக்குச் சுலபம் என்பதால் அவர் தயங்குவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் பழைய அடுப்படியில் பாதி வேலை தரையில் நடந்தது. அருவாமனை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலைக்கானவை. மேடை வந்தபோது குனிந்து எழுகிற சிரமம் போனது. கூடவே, உட்காரும் வசதியும் போய்விட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையில் அந்த வசதி இருந்தது. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி அதை வடிவமைத்தார். ரயில் உணவுப்பெட்டியின் சிறிய சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் கிடைக்கிற அளவுதான். அந்தச் சின்ன இடத்திலும் ஜன்னலடியில் ஒரு வேலை மேடையும், உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலியும் இருந்தன. கீரை ஆய்வதும் சின்ன வெங்காயம் உரிப்பதும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலைகளா என்ன? மேடைக்கடியில் 27, 28 அங்குல உயரத்தில் இழுத்து நீட்டும் பலகை ஒன்றும் ஒரு முக்காலியும் இருந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எதை எங்கே வைப்பது என்பதற்கு, பொருள் பயணிக்கும் வழியைப் பின்பற்றினால் குழப்பம் வராது: ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறோம், கழுவுகிறோம், நறுக்குகிறோம், அடுப்பில் போடுகிறோம், பரிமாறக் கொண்டுபோகிறோம். சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் 'வேலை முக்கோணம்' பற்றி வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. நம் வீடுகளில் தூரம் அரிதாகவே பிரச்சினை. சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே இடமே இல்லாததுதான் பிரச்சினை. அங்கே மூன்றடி வெற்று மேடை வேண்டும். நறுக்குவது, மாவு பிசைவது, இறக்கிய சட்டியை வைப்பது எல்லாம் அந்த மூன்றடியில்தான் நடக்கும். அதில் மிக்ஸியையோ தண்ணீர்க் குடத்தையோ நிரந்தரமாகக் குடியேற்றிவிடக் கூடாது.

மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் முதலிலேயே ஓர் இடம் ஒதுக்குங்கள். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். மாவரைக்கும் நாளெல்லாம் அதை அலமாரியிலிருந்து தூக்கி இறக்குவது முதுகுக்கு நல்லதல்ல. சர்வீஸ் ஏரியா இருந்தால், குழாயோடும் தண்ணீர் வெளியேறும் வழியோடும் அங்கே ஒரு தாழ்ந்த திண்டு கட்டி நிரந்தரமாக வைத்துவிடலாம். மின்சாரப் பாயின்ட்டுகளையும் சுவர் பூசுவதற்கு முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குத் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். எந்தப் பாயின்ட்டும் சிங்க் தெறிக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது.

தாளிக்கும்போது கிளம்பும் மிளகாய் நெடி வீடு முழுக்கப் பரவாமல் இருக்க, குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் சிம்னிதான் சரி. குழாய் இல்லாத வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் திரும்ப அறைக்குள்ளேயே விடும். குழாய் நீளம் குறைவாக, வளைவுகள் குறைவாக இருக்கட்டும். சிம்னி வேண்டாம் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி வையுங்கள். அதன் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அந்த ஜன்னல் காற்றைத்தான் அது இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும், புகை அப்படியே நிற்கும். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும்.

கேஸ் விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள்: எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேடைக்கடியில் கதவு போட்டு மூடிய பெட்டிக்குள் சிலிண்டர் வைக்கிறவர்கள், அந்தப் பெட்டியின் அடிமட்டத்தில் காற்றுத் துளைகள் விட்டே ஆக வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும். ஸ்டவ் எப்போதும் அதைவிட உயரத்தில் இருக்கட்டும். கசிவு வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஒரு சிறு தீப்பொறி போதும் விபரீதமாக.

மேடைக்கு கிரானைட்டே நல்லது. புளியும் எலுமிச்சையும் தினம் புழங்கும் சமையலறையில் மார்பிள் சீக்கிரமே மங்கிப்போகும். சிங்க்குக்கு அடியிலாவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். எம்டிஎஃப் பலகை ஒரு தண்ணீர்க் கசிவில் ஊதிவிடும். கீழ் அலமாரிகளுக்குக் கதவு வேண்டாம், இழுப்பறை வையுங்கள். கதவு வைத்தால் பின்வரிசைப் பாத்திரத்துக்காக மண்டியிட வேண்டும். இழுப்பறை அதைக் கைக்குக் கொண்டுவந்துவிடும். அறை நடுவில் ஒரே ட்யூப்லைட் போட்டால் உங்கள் நிழலே நறுக்கும் பலகைமேல் விழும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஓர் எல்இடி பட்டை போதும்.

வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கில் அமைந்தால் மகிழ்ச்சி. அதற்காக இருக்கிற ஜன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாடகை வீட்டில் மேடையை இடிக்க முடியாது. அங்கேயும் வழி உண்டு. மேடை தாழ்வாக இருந்தால் இரண்டு அங்குலக் கனமான மரப்பலகையின்மேல் வைத்து நறுக்குங்கள். சிங்க் ஆழமாக இருந்தால் அடியில் ஒரு கம்பித்தட்டைப் போட்டு அதன்மேல் பாத்திரம் கழுவுங்கள். மேடை உயரமாக இருந்தால் அடுப்பின் முன்னே, அதன் முழு நீளத்துக்கும், ஆடாத அகலமான மரப்படி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து போடுங்கள். கொதிக்கும் சட்டியோடு நகரும்போது கால் நழுவாமல் இருக்க, அந்தப் படி அடுப்போடு நின்றுவிடாமல் பக்கத்தில் சட்டி இறக்கும் இடம் வரை நீள வேண்டும்.