ஆயுதமும் தளவாடமும்

ஆங்கிலத்தில் "டூல்" எனப்படுவதற்கு நம்மிடையே கருவி, ஆயுதம், சாமான், தளவாடம், உபகரணம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள் முதலியவற்றை ஆயுத பூஜையன்று "ஆயுதம்" என்றே வைத்து வணங்குவர். பேச்சில் இதனால் தீங்கில்லை, எழுத்தில் உண்டு.

1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, டிக்கிரிக் கடனுக்காக ஜப்தி செய்யலாகாதவற்றைக் கூறுமிடத்து, கைத்தொழிலாளருக்கு "டூல்" என்றும் பயிர்த்தொழில் செய்வோருக்கு "இம்ப்ளிமென்ட்" என்றும் வெவ்வேறு சொற்களை ஆளுகின்றது. தச்சருடைய உளியும் உழவருடைய கலப்பையும் இவ்வாறு காக்கப்படுகின்றன. மாடும் விதைத் தானியமும் அச்சொற்களில் அடங்கா. அவை தனியே சொல்லப்பட்டுள்ளன; ஜீவனத்துக்கு எவ்வளவு அவசியமென்று நீதிமன்றம் கருதுகின்றதோ அவ்வளவே விலக்குப் பெறும்.

நமது "ஏர்" என்னும் சொல்லோ கலப்பை, நுகத்தடி, ஒரு ஜோடி மாடு யாவற்றையும் ஒருங்கே குறிக்கும். ஆகையால் ஜாபிதா எழுதுவோர் "ஏர் இரண்டு" என்று முடித்துவிடாமல், கலப்பை இத்தனை, நுகத்தடி இத்தனை, உழவு மாடு இத்தனை, விதை நெல் இத்தனை மூட்டை என்று பிரித்தெழுதுதல் வேண்டும். "தளவாடம்" என்று பொதுவாக எழுதுவது இன்னும் கெடுதல். அது வீட்டிலுள்ள நாற்காலியையும் குறிக்குமன்றோ?