தோட்டத்துப் புழுக்களை இனங்காணல்

விடியற்காலையில் தோட்டத்திற்குச் செல்லும் கமக்காரர், முதல்நாள் மாலை செழித்து நின்ற மிளகாய்க் கன்றுகள் சில அடியோடு அறுபட்டுக் கிடப்பதைக் காண்கின்றார். இலைகளைப் புரட்டிப் பார்த்தும் புழு எதுவும் தென்படவில்லை. எனினும் கையிலிருக்கும் நாசினியைக் கரைத்துப் பயிர் முழுவதற்கும் தெளிக்கின்றார். மறுநாளும் கன்றுகள் அறுபடுகின்றன. காரணம் யாது? கன்றை அறுக்கும் வெட்டுப்புழு பகலில் இலைமீது இருப்பதில்லை. அது மண்ணுக்குள் சுருண்டு கிடந்து, இரவிலே வெளிவந்து தண்டை அறுக்கும். அறுபட்ட கன்றைச் சுற்றி ஓரிரு அங்குல ஆழத்திற்கு மண்ணைக் கிளறியிருந்தால், கருஞ்சாம்பல் நிறமான அப்புழுவைக் கையாலேயே பிடித்து அழித்திருக்கலாம். புழுவை இனங்காணாமையாற் பணமும் உழைப்பும் வீணாயின.

கால்களை எண்ணுதல்

வண்ணத்திப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் குடம்பிகளே மயிர்க்கொட்டிகளாகும். இவற்றிற்குத் தலையை அடுத்து மூன்று சோடிக் கால்களும், அவற்றின் பின்னே பொதுவாக ஐந்து சோடிச் சதைக்கால்களும் உண்டு. முதுகை வளைத்து வளைத்து நடப்பவற்றிற்குச் சதைக்கால்கள் குறைவு.

பாகல், கத்தரி இலைகளில் நரம்பை விட்டுப் பச்சையைச் சுரண்டித் தின்னும் மஞ்சள் நிற முட்புழுவுக்குச் சதைக்கால்கள் இல்லை. அது ஒரு புள்ளிவண்டின் குடம்பி. மயிர்க்கொட்டிகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட பற்றீரியா நாசினி அதனைக் கொல்லாது. அதனைப் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுதல் நன்று.

சேதத்தை நோக்குதல்

கத்தரிக் குருத்து வாடித் தொங்குமாயின் அதனைப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே வெளிர்சிவப்புப் புழு காணப்படும். இதுவே பின்னர் காயையும் துளைக்கும். உள்ளிருக்கும் புழுவை நாசினி எளிதில் எட்டாது. எனவே வாடிய குருத்துகளையும் துளையுள்ள காய்களையும் அகற்றி அழித்தல் வேண்டும்.

வெங்காயத் தாளில் வெண்மையான மெல்லிய திட்டுகள் தோன்றின், தாளைக் கீறி உள்ளே புழு உண்டா எனப் பார்க்க. தாளின் மேற்புறத்தில் மயிர் மூடிய முட்டைக் குவியல்களைக் கண்டவுடன் கிள்ளி அழித்தால், புழு தாளினுள்ளே புகுமுன் தடுக்கலாம்.

கோவா இலையில் இரு முனையும் ஒடுங்கிய சிறு பச்சைப்புழுவைத் தொட்டவுடன் அது துள்ளிப் பின்வாங்கி, நூலில் தொங்குமாயின், அது வைரமுதுகு அந்தின் குடம்பியாகும்.

சோளத்தின் குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் காணப்பட்டால் புழுவின் தலையை நோக்குக. அதிலே தலைகீழாக நிறுத்திய கவட்டுத்தடி போன்ற வெளிர்கோடும், வாலின் அருகே சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருப்பின், அது 2018ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட, அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட படைப்புழுவாகும்.

நண்பர்களை அறிதல்

அழுக்கணவன் கூட்டத்தின் நடுவே காலில்லாத சிறு புழுவொன்று ஊர்ந்தால் அதனைக் கொல்லலாகாது. அழுக்கணவனை உண்டு வாழும் ஒருவகை ஈயின் குடம்பியாக அது இருக்கலாம். அவ்வாறே, சோர்ந்து கிடக்கும் மயிர்க்கொட்டியின் அருகில் அரிசிமணி போன்ற வெண்கூடுகள் காணப்பட்டால், சிறு குளவிகள் அதனை ஏற்கனவே தாக்கிவிட்டன எனக் கொள்க. அக்கூடுகளை அப்படியே விடுதல் வேண்டும். அவற்றிலிருந்து வெளிவரும் குளவிகள் வேறு புழுக்களையும் தேடி அழிக்கும். கண்டபடி நாசினி தெளிப்பின் முதலில் மடிவன இந்நண்பர்களே. அதன்பின் பகைப்புழு தடையின்றிப் பெருகும்.

ஆதலால், தெளிகருவியைத் தோளிலேற்றுமுன் புழு எங்கே இருக்கின்றது, எவ்வேளையில் உண்கின்றது, அதற்குச் சதைக்கால்கள் உண்டா என மூன்றையும் கவனித்தல் வேண்டும். ஐயம் ஏற்படின், தின்ற இலையுடன் புழுவை ஒரு போத்தலில் இட்டு, மூடியிற் காற்றுத் துளையிட்டு, பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் சாலச் சிறந்தது.