விருப்பாச்சி யுத்தத்தில் ஜயித்தவர் யார்?

திண்டுக்கல்லுக்குப் போனால் என்ன வாங்கி வருவது? வீட்டுக்காரரைக் கேட்டால் "பூட்டு" என்பார். நீங்களோ விருப்பாச்சி மலைவாழைப்பழம் என்பீர்கள். சின்னப் பழந்தான், ஆனால் கூடமெல்லாம் மணக்கும்! பழனி போகும் வழியில் இருக்கும் அந்த விருப்பாச்சியில்தான், 1800-ஆம் ஆண்டில், கும்பினியாரை எதிர்க்கப் பாளையக்காரர்கள் கூடி ஆலோசித்தார்கள். யுத்தம் முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஜயித்தது யார் என்ற வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை.

கதை ஒரு பெண்மணியின் துயரத்தில் தொடங்குகிறது. 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையோடு நடந்த சண்டையில் மாண்டார். ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு, மருது சகோதரர்கள் துணைவர, விருப்பாச்சிக்கு வந்து சேர்ந்தார். பாளையக்காரர் கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். நாலு நாள் விருந்து இல்லை, அம்மா, எட்டு ஆண்டு! திண்டுக்கல் அப்போது மைசூர் ஹைதர் அலியின் வசம் இருந்தது. அவருடைய உதவியும் கிடைத்து, 1780-ல் ராணி தம் சீமையை மீட்டுக்கொண்டார்.

பிறகு காலம் மாறியது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் கும்பினியின் கைக்கு வந்தது. 1799-ல் திப்பு போரில் வீழ்ந்தார், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 'அடுத்தது நாம்தான்' என்று உணர்ந்த கோபால் நாயக்கர், சுற்றுப்புறப் பாளையங்களை ஒன்று திரட்டினார். சிவகங்கையில் மருது சகோதரர்கள், மலபாரில் கேரளவர்மா, கன்னட நாட்டில் தூந்தாஜி வாக் என்று கூட்டு விரிந்தது. பேசும் மொழி வேறு, கும்பிடும் தெய்வம் வேறு. எதிரி மட்டும் ஒருவனே!

ஆனால் யுத்தம் எங்கும் கைகூடவில்லை. 1800 ஜூனில் கோயம்புத்தூர்ப் பாசறையைத் தாக்கும் திட்டம் தோற்று, 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பரில் தூந்தாஜியை வீழ்த்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அவரேதான். 1801-ல் கோபால் நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் மடிந்தார்கள். 1802-ல் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

இனி, வீட்டுச் செலவைப் பார்ப்பது போல வரவு செலவு பார்ப்போம். கும்பினிக்கு வரவு ஏராளம்: நிலம், வரி, பயமற்ற ஆட்சி. ஆனால் ஐந்து ஆண்டு கழியுமுன் 1806-ல் வேலூர்க் கோட்டையில் அதன் சிப்பாய்களே எழுந்தார்கள். 1874-ல் கும்பினியே கலைக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பாளையக்காரர்களுக்கு ஜமீன் பட்டம் வந்தது, படை போயிற்று. 1948-ல் போட்ட சட்டத்தால் ஜமீனும் போயிற்று.

வென்றவர் மனம் நிறைந்ததா? அந்தப் போரில் கும்பினித் தரப்பில் சண்டையிட்ட வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். இளமையில் அவருக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. 1818-ல் பினாங்கில் தளர்ந்து மெலிந்த ஒருவர் அவர் எதிரே வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது: சின்ன மருதுவின் மகன் துரைசாமி! நாடு கடத்தப்பட்டபோது அவன் மீசை அரும்பாத பையன்.

அப்படியானால் கோபால் நாயக்கர்தான் ஜயித்தார் என்று சொல்லிவிடலாமா? கூடாது. தூக்குக் கயிற்றை மாலை என்று சொல்வது, அதில் தொங்கியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. போரில் கும்பினிதான் ஜயித்தது, அவர் தோற்றார்.

ஆனால் அவர் ஜயித்த காரியம் ஒன்று உண்டு. கணவனை இழந்து வாசலில் வந்து நின்ற ஒரு பெண், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ராணியாகவே தன் வீடு திரும்பினாள். அந்த வெற்றியைப் பிற்பாடு எந்தப் பீரங்கியாலும் மாற்ற முடியவில்லை. 1801-ல் மருதுவும் நாயக்கரும் ஒரே பக்கம் நின்றதற்கு வித்திட்டதும் அந்த விருந்தோம்பல்தானே!

திண்டுக்கல் ஊருக்குள் கோபாலசமுத்திரம் என்று ஒரு குளம் இருக்கிறது. நாயக்கரைத் தூக்கிலிட்டது அதன் கரையில்தான் என்றும், பெயர் அதனால் வந்தது என்றும் ஊரார் சொல்கிறார்கள். தூக்கிலிடச் சொன்ன துரையின் பெயரை அங்கே யாராவது சொல்கிறார்களா, கேட்டுப் பாருங்கள்!

அடுத்த முறை மலைவாழைப்பழத்தை உரித்துக் குழந்தைகள் கையில் கொடுக்கும்போது, இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். ஜயித்தவர் யார் என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.