மறைந்தவர் நினைவில் ஒரு கல்வி உதவித்தொகை

எங்கள் சிறுநீரகவியல் பிரிவில் நெடுங்காலம் சிகிச்சை பெற்ற ஒருவர் மறைந்தால், அவருடைய குடும்பத்தினர் சில வாரங்கள் கழித்து மீண்டும் வருவதுண்டு. மருத்துவச் சான்று, காப்பீட்டுப் படிவம் என ஏதேனும் ஒரு வேலை இருக்கும். அது முடிந்ததும், அவர் பெயரில் ஏதாவது செய்ய விரும்புவதாகச் சொல்வார்கள். சக்கர நாற்காலி, ஒருநாள் அன்னதானம், குடிநீர் இயந்திரம் என்று பலவும் பேச்சில் வரும். அவற்றோடு உள்ளூர் மாணவர்களுக்கு ஒரு நினைவு உதவித்தொகை என்னும் எண்ணமும் வருகிறது. அதை எப்படிச் செய்தால் நிலைக்கும் என்பது குறித்து நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மருத்துவர்களாகிய நாங்கள் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. சிகிச்சையில் இருப்பவரிடமோ, பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டாரிடமோ பணத்தைப் பற்றிப் பேசுவது முறையன்று. சிகிச்சைக்கு வாங்கிய கடன் தீராத குடும்பம், உதவித்தொகை பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். ஓராண்டு கழித்து முடிவெடுத்தாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இந்த எண்ணத்தை நாங்கள் மதிப்பதற்கு, எங்கள் வார்டில் நாள்தோறும் காணும் ஒன்று காரணம். டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள். நோயாளியோடு யாராவது ஒருவர் வர வேண்டும். சம்பாதிப்பவர் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோ வருகிறார். வெளியே இருக்கையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லூரி கேட்கும் 75 சதவீத வருகைப்பதிவு முதலில் குறைகிறது. பிறகு ஓர் அரியர், அடுத்த பருவத்தில் இரண்டு. தந்தையின் நோய் அவருடைய உடலோடு நிற்பதில்லை.

அரசின் உதவிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கின. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவற்றுக்கு அப்பாலும் விடுதிச் செலவு, பேருந்து, தேர்வுக் கட்டணம், செய்முறைக்கான கருவிகள் என்று பாக்கி நிற்கும். தனியார் தரும் உதவித்தொகைகளோ பெரும்பாலும் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கின்றன. 90 சதவீதம் என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டால், தந்தைக்குத் துணையாக மருத்துவமனையில் பாதி வாரத்தைக் கழித்த பெண் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். நாங்கள் சொல்ல விரும்புவதன் மையம் இதுதான்: பெயரை உறுதியாக எழுதுங்கள், நிபந்தனையைத் தளர்வாக எழுதுங்கள்.

நிபந்தனையை இறுக்கி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய சான்று உண்டு. செயின்ட் லூயிஸ் நகரின் முன்னாள் மேயர் பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேறுவதற்காக அந்நகர் வழியாகச் செல்லும் ஏழைப் பயணிகளின் துயர் துடைக்கத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுச் சென்றார். அன்று அது கண்ணெதிரே இருந்த துன்பம். காலம் மாறிற்று, மேற்கே வண்டி கட்டிப் போவோர் இல்லாமற் போயினர். பணம் இருந்தது, பெறுவோர் அரிதாயினர்.

இத்தகைய சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர் கிளீவ்லாந்து நகரின் வங்கியாளர் ஃபிரெடெரிக் கோஃப். அவர் 1914இல் நிறுவிய கிளீவ்லாந்து அறக்கட்டளையே உலகின் முதல் சமூக அறக்கட்டளை எனப்படுகிறது. ஊரார் பலரும் தரும் நிதிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் வைப்பது. ஒவ்வொரு நிதிக்கும் அவரவர் பெயரைக் காப்பது. கொடுத்தவரின் நோக்கம் காலத்தால் பொருந்தாமற் போனால், அதற்கு நெருக்கமான வேறொரு தேவைக்கு மாற்றும் அதிகாரத்தைக் குழுவுக்குத் தருவது. இம்மூன்றும் சேர்ந்த ஏற்பாடு அது.

மருத்துவமனை இதழில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மருத்துவர் தாமஸ் பாண்டுடன் சேர்ந்து 1751இல் பென்சில்வேனியா மருத்துவமனையை உருவாக்கியவர் அவர். 1790இல் மறைந்தபோது பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச் சென்றார். இளம் கைவினைஞர்கள் தொழில் தொடங்க அதிலிருந்து கடன் பெற வேண்டும். 200 ஆண்டுகள் அது வளர வேண்டும். தொழில் பழகுநர் முறை மங்கியபோது, ஃபிலடெல்ஃபியாவின் நிதி பிற்காலத்தில் பெரும்பாலும் வீட்டுக் கடனாகப் போயிற்று. 1990இல் கெடு முடிந்தபோது அது 20 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அந்நகரம் அதனை உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்கியது. கைவினைஞருக்கென்று பிறந்த பணம் மாணவரிடம் வந்து சேர்ந்ததில் ஃபிராங்க்ளினுக்கு மனவருத்தம் இருந்திராது என்றே நினைக்கிறோம்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கோவிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மாணவர் தங்கிப் படிக்கும் பள்ளிக்கும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும் சேர்த்தே நிவந்தம் வகுத்திருக்கிறது. நோயும் படிப்பும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இனி நடைமுறைக்கு வருவோம். சொந்தமாக ஓர் அறக்கட்டளை தொடங்குவதென்றால் பத்திரம், பதிவு, தனி வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் தணிக்கை, வருமான வரிக் கணக்கு என்று வேலை நீளும். சில லட்ச ரூபாய்க்கு இவ்வளவு சுமை தேவையில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் பத்தாண்டுகளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊரில் ஏற்கெனவே ஒழுங்காக இயங்கும் பொது அறக்கட்டளை ஒன்றில், உங்கள் குடும்பத்தவர் பெயரில் தனிக் கணக்காக வைக்கச் சொல்வது நல்லது. தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் தருபவரிடம் மட்டும் பணத்தைத் தாருங்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்தி ரசீது பெறுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். முழுவதையும் வழங்கிவிட்டால் அசல் அப்படியே நிற்கும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அந்த 35,000இன் மதிப்பு பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே 20,000 வழங்கி, 15,000 ரூபாயை அசலில் சேர்ப்பதே நெடுநாள் நிற்கும் வழி. எனினும், நிரந்தரம் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு மாணவருக்குச் சிறு தொகை தருவதைவிட, அசலையே செலவிட்டு ஒரு மாணவியை முதலாண்டு முதல் பட்டம் வரை கைவிடாமல் கொண்டு செல்வது சில குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். எங்கள் மனம் இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறது.

அவ்வளவு தொகை இல்லாதவர்கள் பல குடும்பமாகச் சேரலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரில் இர்விங் ஃப்ராட்கின் என்ற கண் பரிசோதகர் 1958இல் ஊராரிடம் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டுத் தொடங்கிய மாணவர் நிதி, பின்னர் நாடெங்கும் பரவிய அமைப்பாயிற்று.

அறக்கட்டளைக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மறைந்தவர் யார், என்ன வேலை செய்தார், எதை விரும்பினார் என்று எழுதுங்கள். நோயின் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள். முப்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவரைச் சிறுநீரக நோயாளியாக மட்டும் ஊர் ஏன் நினைவில் வைக்க வேண்டும்? எந்த வட்டாரத்து மாணவர், எந்த அளவு வருமானம் என்பது போதும். சாதி, குறிப்பிட்ட பாடப்பிரிவு, முதல் மதிப்பெண் ஆகியவற்றைத் தவிருங்கள். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் மாணவருக்கு முன்னுரிமை என்ற ஒரு வரியைச் சேர்த்தால் மகிழ்வோம். அரியர் இருப்பது தடையன்று என்றும் எழுதலாம். மேடையில் பெரிய காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி மாணவரை வற்புறுத்தும் வழக்கம் எங்களுக்கு உவப்பானதன்று. அவர் விரும்பினால் குடும்பத்தைச் சந்திக்கட்டும்.

உதவி தேடும் மாணவர்களுக்கும் ஒரு சொல். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் கேட்கப்படும். கல்லூரி திறந்த பிறகு அலையாமல், முன்பே வாங்கி வையுங்கள். நீங்கள்தான் நோயாளியின் துணையாளர் என்பதற்கும், எந்தெந்த நாள்களில் டயாலிசிஸுக்கு உடன் வந்தீர்கள் என்பதற்கும் நோயாளியின் ஒப்புதலோடு எங்கள் பிரிவில் கடிதம் தருகிறோம். வருகைப்பதிவுக் குறைவுக்குக் கல்லூரியில் விளக்கம் சொல்லவும் அது பயன்படும். கட்டணம் இல்லை, டயாலிசிஸ் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் போதும்.